ஓங்கி அடிக்கலாமா, ஒழுங்காய் அடிக்கலாமா?

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. விடியற்காலையில் எழுந்து டி.வி. முன்னால் உட்கார்ந்து நம்மில் பலர் கோல்ஃப் பார்த்தோம். நம்ப முடிகிறதா ஸார்? கோல்ஃப்! அதுவரை அந்த விளையாட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம், பழைய சினிமாவில் கதாநாயகியின் பணக்கார அப்பா ஆடுவார் என்பது மட்டும்தான். அன்றைக்கு டீக்கடையில்கூட 'பர்டி', 'போகி' என்று பேச்சு. ('போகியா? அது ஜனவரியில இல்ல வரும்?' என்று கேட்டவர்களும் உண்டு.)

காரணம், டோக்கியோ ஒலிம்பிக்ஸ். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், 23 வயசுப் பெண், கடைசி ரவுண்டு தொடங்கும்போது இரண்டாவது இடத்தில் இருந்தார். மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தவர் அவருடைய அம்மா. கடைசியில் ஒரே ஒரு அடியில் பதக்கம் கை நழுவியது. தங்கம் வாங்கிய அமெரிக்காவின் நெல்லி கோர்டா கணக்குக்கு 17 அடி குறைவாக முடித்தார். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதிக்கொண்ட ஜப்பானின் மோனே இனாமியும் நியூஸிலாந்தின் லிடியா கோவும் 16. நம் அதிதி 15. நாலாவது இடம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே ஆடிய 60 பேரில் மிகக் குறைந்த தூரம் அடிப்பவர்களில் ஒருவர் அதிதி. முதல் அடியிலேயே மற்றவர்கள் இவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். இவர் பின்னாலிருந்து பொறுமையாக அடித்து, குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அலட்டாமல் உள்ளே உருட்டிவிடுவார்.

அப்படியானால் கோல்ஃபில் எது முக்கியம்? தூரமா, துல்லியமா? உலகம் பூராவும் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி இது. பி.காம். படித்தவன் என்கிற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு நான் இதில் மூக்கை நுழைக்கிறேன். ஏனென்றால் கிளறிப் பார்த்தால் இது விளையாட்டுக் கேள்வியே இல்லை. சுத்தமான வரவு செலவுக் கேள்வி!

காரைக்குடிக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. செட்டிநாடு விளையாட்டுக்குக் கொடுத்தது கொஞ்சநஞ்சமில்லை. சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கே எம்.ஏ. சிதம்பரம் பெயர்தான். கிண்டியில் எம்.ஏ.எம். ராமசாமியின் குதிரைகள் ஜெயித்ததெல்லாம் ஒரு காலம். அந்தக் குதிரைகள் ஓடிய வட்டத்துக்கு உள்ளேதான் ஜிம்கானா கிளப் கோல்ஃப்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேல் ஆடினார்கள். கொடைக்கானலில் 1895-லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. கல்கத்தாவில் அதற்கும் முன்னால், 1829-ல்!

எங்கள் ஊர்ப் பக்கம் நான் கோல்ஃப் மைதானம் பார்த்ததில்லை. ஆனால் கோல்ஃப்காரர்கள் 'ரஃப்' என்று சொல்கிற காடு மட்டும் ஏக்கர் கணக்கில் உண்டு. சீமைக் கருவேலம்! அதில் போய் விழுந்த பந்தை மதுரை போலீஸ் நாய் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு இந்த ஞானமெல்லாம் வந்தது எங்கள் தெரு மலேசியா அண்ணன் மூலம். கோலாலம்பூரில் கணக்கு வேலை பார்க்கிறவர். வருஷத்துக்கு ஒரு தடவை படைப்புக்கு ஊருக்கு வருவார். முன்பெல்லாம் கோடாலித் தைலம் கொண்டுவருவார். இப்போது கோல்ஃப் கதை கொண்டுவருகிறார்.

"தம்பி, போன வாரம் ஒரே அடி. 250 கஜம்!"

"பந்து எங்கேண்ணே போச்சு?"

"அதை ஏன் கேக்குறே..."

இந்த 'அதை ஏன் கேக்குறே'தான் நம் கட்டுரையின் விஷயம்.

முதலில் கொஞ்சம் அரிச்சுவடி

மொத்தம் 18 குழி. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் பந்தைப் போட வேண்டும் என்று ஒரு கணக்கு. அதற்குப் பெயர் 'பார்'. பெரும்பாலும் மொத்தம் 72 அடி. குறைவாக முடிக்கிறவர் கெட்டிக்காரர். சின்ன ஆணி மாதிரி ஒரு குச்சியை நட்டு அதன் தலையில் பந்தை வைத்து முதல் அடி. அந்தக் குச்சிக்குப் பெயர் 'டீ'. (பாய் கடை டீ அல்ல.) அடிக்கிற நீளக் கழிக்குப் பெயர் 'டிரைவர்'. (இதற்கு லைசென்ஸ் தேவையில்லை.) எதிரே வெட்டிச் சீராக்கிய புல்வெளி 'ஃபேர்வே'. அதன் இரு பக்கமும் வளர்ந்த புல், 'ரஃப்'. அதையும் தாண்டி வெள்ளைக் குச்சிகள் நட்டிருக்கும். அதற்கு அப்பால் போனால் 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்', சுருக்கமாக ஓபி. அங்கே போன பந்துக்கு ஈமக்கிரியை செய்துவிட்டு, முதலில் நின்ற இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அடிக்க வேண்டும். ஒரு அடி தண்டனை வேறு. ஆக, அடுத்து நீங்கள் அடிப்பது மூன்றாவது அடி!

நம் கிட்டிப்புள்ளிலும் இதே சங்கடம்தான். கெந்திவிட்ட புள்ளை ஓங்கி உயரமாக அடித்தால் தூரம் போகும். கழியால் அளந்து கணக்குச் சொல்லலாம். ஆனால் எதிரே நிற்கிற பயல் கேட்ச் பிடித்துவிட்டால் ஆட்டம் குளோஸ். விவரமான பையன்கள் ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு பலமாக அடிப்பது என்று முடிவு பண்ணுவார்கள். கோல்ஃபில் கேட்ச் பிடிக்க ஆள் கிடையாது. மரமும் குளமும் வெள்ளைக் குச்சியும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

செட்டிநாட்டு வீடும் ஒரு கோலிக்குண்டும்

தூரம் கூடினால் துல்லியம் ஏன் கெடுகிறது? எங்கள் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றின் தலைவாசலில் வந்து நில்லுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி, அடுத்த தெருவில் திறக்கிற பின்வாசல் வெளிச்சமாகத் தெரியும். எல்லா வாசலும் ஒரே நேர்க்கோடு. இப்போது ஒரு கோலிக்குண்டைக் கொஞ்சூண்டு கோணலாக உருட்டிவிடுங்கள். முதல் நிலைப்படியைத் தாண்டிவிடும். இரண்டாவதிலும் ஒட்டி உரசித் தப்பிக்கும். மூன்றாவதில் 'டொக்'. கோணல் அதேதான். தூரம் போகப் போக விலகல் பெரிசாகிறது.

கணக்காகவே பார்ப்போம். பந்து 5 டிகிரி கோணலாகப் போகிறது என்று வையுங்கள். 200 கஜம் அடித்தால் நடுக்கோட்டிலிருந்து 17 கஜம் சொச்சம் விலகும். ஃபேர்வேயின் அகலம் 35 கஜம் என்றால், பாதி பதினேழரை. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பிழைத்துப் போகும். அதே 5 டிகிரி, ஆனால் 250 கஜம் என்றால் விலகல் கிட்டத்தட்ட 22 கஜம். நேரே புல்லுக்குள். நீங்கள் செய்த தப்பு அதே அளவுதான், தண்டனை மட்டும் பெரிசு!

'அப்ப சரி, எல்லாரும் மெதுவாவே அடிங்கப்பா' என்று முடித்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். இங்கேதான் ஒரு வாத்தியார் வருகிறார்.

வாத்தியார் போட்ட கணக்கு

அவர் பெயர் மார்க் பிராடி. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிஸினஸ் பேராசிரியர். பங்கு, ஆப்ஷன் விலை என்று ஆராய்ச்சி செய்கிற ஆசாமி. (காமர்ஸ்காரர்கள் ஒரு தடவை காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் ஒவ்வொரு அடியையும் கணக்கில் எடுத்து, எந்த அடி எவ்வளவு லாபம், எவ்வளவு நஷ்டம் என்று பேரேடு போட்டவர். 2014-ல் அதைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

அதுவரை கோல்ஃப் உலகத்தில் ஒரு பழமொழி கொடிகட்டிப் பறந்தது. நம் பாஷையில் சொன்னால், 'தூக்கி அடிப்பது ஊர் பார்க்க, உருட்டிப் போடுவது காசு பார்க்க.' பிராடியின் கணக்கு அதைக் கவிழ்த்துவிட்டது. நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, 100 கஜத்துக்கு வெளியே அடிக்கிற அடிகளில்தான் வருகிறதாம். குழிக்குப் பக்கத்தில் செய்கிற நகாசு வேலையெல்லாம் சேர்ந்து மிச்சம் ஒரு பங்கு.

தூரத்துக்கும் அவர் விலை போட்டிருக்கிறார். டிரைவர் அடி 20 கஜம் கூடினால், தொழில்முறை ஆட்டக்காரருக்கு ஒரு ரவுண்டில் ஏறக்குறைய முக்கால் அடி லாபம். அமெச்சூர்களுக்கு அதைவிட ஜாஸ்தி. காரணம் சுலபம். குழிக்குப் பக்கத்திலிருந்து அடிக்கிற அடுத்த அடிக்குக் குட்டையான மட்டை போதும். குட்டை மட்டையில் தப்பு குறைவு.

இன்னொரு விஷயமும் அவர் கணக்கில் வந்தது. அமெச்சூர்களில் நன்றாக ஆடுகிறவர்கள் தூரமாகவும் அடிக்கிறார்கள், கோணல் குறைவாகவும் அடிக்கிறார்கள். அதாவது, தூரமும் துல்லியமும் சக்களத்திகள் அல்ல. மட்டையின் நடு மையத்தில் பந்து பட்டால் இரண்டும் சேர்ந்தே வரும். ஓரத்தில் பட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுப்பிடித்து வீசுகிறவருக்கு முதலில் தவறுவது அந்த மையம்தான்.

ஐந்தொகை

இப்போது நம் வேலை. ஒரு சாதாரண ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். கையில் டிரைவர் இருந்தால் 220 கஜம். அதைவிடக் குட்டையான '3-வுட்' கழி என்றால் 200 கஜம். 18 குழியில் நாலைந்து, முதல் அடியிலேயே பந்தை அங்கே சேர்த்துவிடக்கூடிய குட்டைக் குழிகள். மிச்சம் சுமார் 14 இடத்தில்தான் 'எந்தக் கழியை எடுப்பது' என்கிற கேள்வியே வரும்.

வரவு: 14 இடத்திலும் டிரைவரை எடுத்தால் 20 கஜம் கூடுதல். அதன் லாபம் ஒரு ரவுண்டுக்கு, தாராளமாகவே 2 அடி என்று வைப்போம்.

பற்று: ஒரு ஓபி போனால் நஷ்டம் எவ்வளவு? போன அடி ஒன்று, தண்டனை ஒன்று. ஆக 2 அடி.

நிகரம் பாருங்கள். 14 தடவை ஓங்கி அடித்துச் சேர்த்த மொத்த லாபமும், கூடுதலாகப் போகிற ஒரே ஒரு ஓபியில் பூஜ்யம். இரண்டு போனால் நஷ்டக் கணக்கு!

தூரம் என்பது வட்டி மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக, நிச்சயமாக வரும். அதை வேண்டாம் என்பவன் கணக்குத் தெரியாதவன். ஓபி என்பது முதலே போவது. 90-களில் 24, 36 பர்சென்ட் வட்டி என்று வாசலில் போர்டு மாட்டியவர்களை நம்பிப் பணம் போட்டவர்களின் கதை நம் வீடுகளுக்குத் தெரியாததா? வட்டி ஆறு மாசம் ஒழுங்காகத்தான் வந்தது. ஏழாவது மாசம் ஷட்டர் இறங்கிவிட்டது.

ஆகவே, 'தூரமா, துல்லியமா?' என்று கேட்பதே தப்பு. 'என் பந்து கோணலாகப் போனால் அங்கே என்ன இருக்கிறது?' என்பதுதான் சரியான கேள்வி. புல் இருந்தால் ஓங்கி அடிக்கலாம். வெள்ளைக் குச்சி இருந்தால் அடக்கி வாசிக்க வேண்டும்.

பெரிய மனிதர்களின் வரலாறு

இது நம் கற்பனை இல்லை என்பதற்கு மூன்று சாட்சிகள்.

முதல் சாட்சி, பிரைசன் டிஷாம்போ. 2020 யு.எஸ். ஓபன், விங்ட் ஃபுட் மைதானம். ஃபேர்வேயெல்லாம் எங்கள் ஊர் ஒத்தையடிப் பாதை மாதிரி ஒடுக்கம். இரண்டு பக்கமும் அடர்ந்த புல். மனிதர் உடம்பை ஏற்றிக்கொண்டு வந்து காட்டடி அடித்தார். 56 தடவையில் 23 தடவைதான் ஃபேர்வேயில் பந்து நின்றது. ஆனாலும் 6 அடி வித்தியாசத்தில் சாம்பியன்! எப்படி? அவ்வளவு ஒடுக்கமான இடத்தில் எல்லோருமே தவறத்தான் போகிறார்கள். தவறுவது நிச்சயம் என்றால், குழிக்குப் பக்கத்தில் போய்த் தவறலாமே! பக்கத்தில் இருந்தது வெறும் புல்தான் என்பதால் அந்தக் கணக்கு பலித்தது.

இரண்டாவது சாட்சி, பிரான்ஸின் ழான் வான் டெ வெல்ட். 1999 பிரிட்டிஷ் ஓபன், கார்னூஸ்டி. கடைசிக் குழி. கையில் 3 அடி முன்னிலை. 4 அடியில் முடிக்க வேண்டிய குழியை 6 அடியில் முடித்தாலே கோப்பை. நம் வீட்டுப் பாட்டிகூட மெதுவாகத் தட்டித் தட்டிக் கொண்டுபோயிருப்பார். அவர் டிரைவரை எடுத்தார். பந்து தாறுமாறாக வலது பக்கம் போயும் நல்லவேளை தப்பியது. அடுத்ததையும் அடக்கி அடிக்கவில்லை. அது பார்வையாளர் ஸ்டாண்டில் பட்டுத் தெறித்தது. அடுத்தது ஓடைக்குள். பூட்ஸ், சாக்ஸைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கி நின்ற அந்தக் காட்சியை இன்றைக்கும் போட்டுப் போட்டுக் காட்டுகிறார்கள். 7 அடி ஆயிற்று. பிளே ஆஃபில் கோப்பை பால் லாரிக்குப் போனது.

மூன்றாவது சாட்சி, டைகர் உட்ஸ். அவரைவிடத் தூரம் அடிக்கத் தெரிந்தவர் யார்? 2006 பிரிட்டிஷ் ஓபன், ஹாய்லேக். வெயிலில் தரை காய்ந்து கட்டாந்தரையாகிக் கிடந்தது. விழுந்த பந்து தானாகவே ஓடியது. பார்த்தார். நாலு நாள், 72 குழி, டிரைவரை அவர் வெளியே எடுத்தது ஒரே ஒரு தடவை! கோப்பை அவருக்குத்தான்.

ஒருவர் ஓங்கி அடித்து ஜெயித்தார், ஒருவர் ஓங்கி அடித்துத் தோற்றார், ஒருவர் ஓங்காமலே ஜெயித்தார். மூன்று பேர் கதையையும் தீர்மானித்தது தரை.

கல்கத்தாவின் குட்டை அடி

நம் நாட்டு உதாரணம் இல்லாமல் போகக் கூடாது. எஸ்.எஸ்.பி. சௌராசியா. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன். பந்து பொறுக்கி, பை சுமந்து வளர்ந்த பையன். காட்டடி ஆசாமி கிடையாது. குழியைச் சுற்றிச் செய்கிற நுணுக்க வேலைக்காக அவரைச் 'சிப்-புட்-சியா' என்றே கூப்பிடுவார்கள். 2008-ல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். அங்கே இரு பக்கமும் புதர். டிரைவரைப் பையிலேயே தூங்கவிடுகிறவர்கள்தான் பிழைப்பார்கள்.

'அது ஒடுக்கமான மைதானம், அதனால ஜெயிச்சாரு' என்று சொன்னவர்களுக்கு 2017-ல் பதில் கிடைத்தது. அந்த வருஷ இந்தியன் ஓபன், குர்கான் டி.எல்.எஃப். மைதானத்தில். நீளமான, பொல்லாத மைதானம். அங்கேயும் சௌராசியாதான். அதுவும் 7 அடி வித்தியாசத்தில்! தூரம் அடித்தவர்கள் பள்ளத்திலும் புதரிலும் பந்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, இவர் முதலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நடந்தார்.

அப்படியானால் தூரம் வேண்டாமா? டோக்கியோவுக்குத் திரும்புவோம். பிராடி கணக்கில் 20 கஜத்துக்கு ஒரு ரவுண்டில் முக்கால் அடி. ஒலிம்பிக்ஸில் 4 ரவுண்டு. ஆக 3 அடி. அது ஆண்களுக்குப் போட்ட கணக்குதான். ஆனாலும் அதிதி பதக்கத்தைத் தவறவிட்டது ஒரே ஒரு அடியில் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஒலிம்பிக்ஸுக்குச் சில மாசம் முன்னால்தான் அவரைக் கொரோனா போட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. இருந்த பலமும், இருந்த கொஞ்சம் தூரமும் குறைந்திருந்தன. அந்த நிலையில் நாலாவது இடம் என்றால் அந்தத் துல்லியத்துக்கு ஒரு சலாம் போடத்தான் வேண்டும். ஆனால் அதிதியே அதோடு திருப்திப்படவில்லை. அடுத்து வந்த நாட்களில் தூரத்தைக் கூட்ட உழைத்தார். 2023-ல் கென்யாவில் 9 அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். துல்லியத்தின் ராணியே வட்டியை விட்டுக்கொடுக்கவில்லை. முதலையும் தொலைக்கவில்லை.

ஆபீஸ் நண்பர்களுக்கு

இப்போதெல்லாம் பெரிய கம்பெனிகளில் மேனேஜரே 'சண்டே ரேஞ்சுக்கு வர்றியாப்பா?' என்று கூப்பிடுகிறார். போகிறவர்களுக்கு நாலு வார்த்தை.

ஒன்று. 20 பந்து அடியுங்கள். அதில் மிக அருமையாகப் போன ஒன்றை உடனே மறந்துவிடுங்கள். இடது கோடியில் விழுந்தது, வலது கோடியில் விழுந்தது, இரண்டுக்கும் நடுவே எத்தனை கஜம் என்று பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான அகலம். மைதானத்தில் அந்த அகலம் வெள்ளைக் குச்சிக்குள் அடங்கினால் டிரைவர். அடங்காவிட்டால் குட்டைக் கழி.

இரண்டு. பந்தின் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியில் படுகிற மாதிரி அடியுங்கள். மட்டை முகத்தில் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மையத்தில் ஒட்ட ஆரம்பித்தால், பலத்தைக் கூட்டாமலே தூரம் கூடும்.

மூன்று. வலது பக்கம் ஆபத்து என்றால் டீயை வலது ஓரத்தில் நட்டு, இடது பக்கம் பார்த்து அடியுங்கள். ஆபத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

நான்கு. முன்னால் இருக்கிற டீயிலிருந்து ஆடுங்கள். அமெரிக்காவிலேயே 2011-ல் இதற்கென்று ஓர் இயக்கம் நடத்தினார்கள். சாதாரண ஆண் அமெச்சூரின் டிரைவ் 200 கஜத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு சாம்பியன்கள் அடிக்கிற இடத்தில் போய் நிற்பது, குமாஸ்தா சம்பளத்தில் கானாடுகாத்தான் அரண்மனைக்கு வெள்ளையடிக்கக் கிளம்புகிற மாதிரி.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. '300 கஜம் அடிச்சேன்ப்பா' என்று திங்கட்கிழமை காலையில் மேனேஜர் சொன்னால், பவ்யமாகத் தலையாட்டுங்கள். 'பந்து கிடைச்சுதா ஸார்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இன்க்ரிமென்ட் போடுகிற மாசம்!